வாசித்ததாகக் கொள்ளப்பட்டது

கருத்தரங்கு என்றால் என்னவென்று என்னைக் கேளுங்கள், சொல்கிறேன். ஒலிபெருக்கி வாடகைக்கு விடுகிறவன் நான். கல்யாணத்துக்கும் போவேன், கட்சிக் கூட்டத்துக்கும் போவேன். ஆனால் நிதியாண்டு முடிகிற மாதம் வந்துவிட்டால் கல்லூரிகளே கதி. அரசாங்கம் கொடுத்த மானியத்தை அதற்குள் செலவழிக்காவிட்டால் பணம் வந்த வழியே திரும்பிப் போய்விடும். அதனால் வருஷம் முழுக்க யாருக்கும் தோன்றாத சிந்தனையெல்லாம் அந்தக் கடைசி மாதத்தில் பொத்துக்கொண்டு வரும்.

காலையில் தொடக்க விழா. வருகைப் பதிவு உண்டு என்று பயமுறுத்தி மாணவர்களைக் கொண்டுவந்து பெரிய அரங்கில் அடைத்திருப்பார்கள். சிறப்பு விருந்தினர் தாமதமாக வருவார். அவரை வரவேற்க ஒருவர், அறிமுகப்படுத்த ஒருவர், அறிமுகப்படுத்தியவரைப் பாராட்ட ஒருவர். பூச்செண்டு, நினைவுப் பரிசு, புகைப்படம். சாப்பாட்டுக்குப் பிறகு அரங்கில் ஈ காக்கை இருக்காது. எதற்காகக் கூட்டம் கூட்டினார்களோ அந்தக் கட்டுரை வாசிப்பு, அதன் பிறகுதான், மாடியில் ஏதாவது ஒரு வகுப்பறையில் தொடங்கும். நேரம் எங்கே இருக்கும்? அமர்வுத் தலைவர் என்று ஒருவர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார். அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, "உங்க கட்டுரையை வாசிச்சதா எடுத்துக்கலாம்" என்பார். எல்லோரும் கை தட்டுவார்கள். வாசித்ததற்கான சான்றிதழ் கைக்கு வரும். அப்படி எடுத்துக்கொண்ட கட்டுரையைப் பற்றி யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்பது அவர்களுக்குள் எழுதாத சட்டம்.

இத்தனை வருஷம் கம்பியைச் சுருட்டிக்கொண்டே இதைப் பார்த்துச் சிரித்தவன்தான் நான். என் அக்காவுக்கு இது நடந்த பிறகு சிரிப்பு வரவில்லை.

அக்கா ஒரு கல்லூரியில் வரலாற்றுத் துறையில் தற்காலிக விரிவுரையாளர். தலை பாதி நரைத்துவிட்டது, இன்னும் தற்காலிகம்தான். வருஷா வருஷம் துறைத் தலைவர் புதுப்பித்துக் கையெழுத்துப் போட வேண்டும். சின்ன வயசில் வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பெயர். தூங்கும் நேரம் தவிர வாய் மூடாது. அவள் பேசிப் பேசியே நான் பேசாத ஆளாகிப்போனேன் என்று அம்மா சொல்வாள். எங்கள் வீட்டு மாடியில்தான் தனியாக இருந்தாள். சாயங்காலம் கீழே இறங்கி வந்தால், என் மனைவி காய் நறுக்கி முடிக்கும்வரை அன்றைக்குப் படித்த பழைய மனுவைப் பற்றிப் பேசுவாள்.

மனுதான் அவள் ஆராய்ச்சி. அந்தக் காலத்து அதிகாரிகளுக்கு ஜனங்கள் எழுதிய மனுக்கள் ஆவணக் காப்பகத்தில் கட்டுக் கட்டாக இருக்கின்றனவாம். மனு எழுதிக் கொடுப்பவர்களுக்கு ஒரு முறை உண்டு: மேலே ஓரிரு புகழ்ச்சி, அதற்குக் கீழே விஷயம். ஆனால் சில மனுக்களில் மட்டும் புகழ்ச்சி நிற்காமல் போய்க்கொண்டே இருக்கும். அப்படி எழுதியவர்கள் எல்லோரும் கடைந்தெடுத்த அடிமைகள் என்றுதான் புத்தகங்களில் எழுதியிருக்கிறதாம். அக்கா ஒப்புக்கொள்ளவில்லை.

"ஏரி வெட்டறேன்னு ஒருத்தன் வயலை முழுக்க மூழ்கடிச்சுட்டாங்கடா. அவன் மனுல எப்படி ஆரம்பிக்கிறான் தெரியுமா? 'தண்ணீருக்கும் கருணை காட்டும் பெருந்தகையே, என் வயலை அதற்குக் குடிக்கக் கொடுத்த வள்ளலே.' இது பணிவா? வயித்தெரிச்சல்டா! கோபம் ஏற ஏற புகழ்ச்சி ஏறுது. நேரா திட்டினவன் மனுவெல்லாம் அடுப்புக்குப் போயிடுச்சு. இதை மட்டும் அதிகாரி பத்திரமா வெச்சிருக்கான். தன்னைப் புகழ்ந்திருக்கான்னு நினைச்சுட்டான் பாவம்."

சொல்லிவிட்டு அவளே விழுந்து விழுந்து சிரிப்பாள். அவள் எழுதுவதை உலகத்திலேயே ஒரே ஒருத்திதான் கவனமாகப் படித்தாள். வேறு ஏதோ ஊர்ப் பல்கலைக்கழகத்துக்காரி. படித்துவிட்டு அது தப்பு, இதற்கு என்ன ஆதாரம் என்று மின்னஞ்சலில் குடைவாள். அக்கா அவளுக்குக் கேள்விக்காரி என்று பெயர் வைத்திருந்தாள். வருஷக்கணக்காகச் சண்டை. நேரில் பார்த்ததே இல்லை.

இந்தச் சமயத்தில்தான் அக்காவின் குரல் கரகரத்தது. மாத்திரை, கஷாயம், வெந்நீர் எல்லாம் பார்த்து, கடைசியில் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். குழாய் விட்டுப் பார்த்த டாக்டர் சுற்றி வளைக்கவில்லை. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும், உயிர் தங்கும், பேச்சு போய்விடும் என்றார். அக்கா கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"டாக்டர், எங்க காலேஜ்ல கருத்தரங்கு வருது. அது முடியற வரைக்கும் விடுவீங்களா?"

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

அவள் கல்லூரியே நடத்துகிற கருத்தரங்கு அது. தலைப்பு, 'வரலாற்றில் எளியோர் குரல்'. கேள்விக்காரி வருவதாக எழுதியிருந்தாள். "அவ முன்னாடி ஒரு தடவை வாசிக்கணும்டா. அவ எழுந்து நின்னு கேக்கணும், நான் வாயால பதில் சொல்லணும். அவ்வளவுதான். அப்புறம் வெட்டி எடுத்துட்டுப் போகட்டும்" என்றாள். அவள் இப்படிக் கேட்டு நான் எதை மறுத்திருக்கிறேன்?

சிறப்பு விருந்தினருக்கு வசதிப்படவில்லை என்று ஒரு தடவை தேதியைத் தள்ளினார்கள். டாக்டர் எரிந்து விழுந்தார். இன்னொரு தடவை தள்ளினால் தன்னிடம் வர வேண்டாம் என்றார். கருத்தரங்கு முடிந்த மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர்வதாக எழுதிக் கொடுத்துவிட்டு வந்தோம். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்தால் அன்றைக்குக் கொஞ்ச நேரம் குரல் வரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்லூரிக்குத் தொண்டைக் கட்டு என்று விடுப்புக் கொடுத்தாள். உண்மையைச் சொல்லவில்லை. பேச்சு போகப் போகிற விரிவுரையாளரை யார் புதுப்பிப்பார்கள்? புதுப்பிக்காவிட்டால் வேலையோடு மருத்துவக் காப்பீடும் போய்விடும். யாரிடமும் மூச்சு விடக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அப்புறம் எங்கள் வீட்டில் ரேடியோ நின்றுபோனது. வேண்டியதை போனில் தட்டிக் காட்டுவாள். எங்களைக் கூப்பிட வேண்டுமானால் டம்ளரைத் தட்டுவாள். கட்டுரையை வெட்டி வெட்டிப் பத்து நிமிஷத்துக்குள் அடக்கி, உதட்டை மட்டும் அசைத்து வாசித்துப் பழகினாள். சத்தமில்லாமல் வாய் அசைவதைப் பார்க்க எனக்குப் பொறுக்காது. ஏதாவது சாக்குச் சொல்லிக் கடைக்குப் போய்விடுவேன்.

கருத்தரங்கு அன்றைக்குக் காலையில் பெரிய அரங்கில் வேலையை முடித்துவிட்டு, அக்கா வாசிக்க வேண்டிய மாடி வகுப்பறைக்கும் ஒரு மைக் வைத்தேன். வழக்கமாக அந்த அறைகளுக்கு யாரும் மைக் கேட்க மாட்டார்கள். இது என் கணக்கில். என்னிடம் இருப்பதிலேயே நல்ல மைக். மூச்சு விட்டால்கூட எடுக்கும்.

கேள்விக்காரி வந்தாள். நெட்டையாக, தோளில் ஒரு பழைய பையோடு. அக்காவைப் பார்த்ததும் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அக்கா தன் கழுத்துத் துண்டைத் தொட்டுக் காட்டி, மாடியைக் காட்டி, மத்தியானம் என்று கையாலேயே சொன்னாள்.

"தொண்டை சரியில்லையா? பரவாயில்லை, மத்தியானம் வெச்சுக்கலாம். அந்த ஏரி மனு விஷயத்துல உங்களைச் சும்மா விட மாட்டேன், சொல்லிட்டேன்" என்றாள் அவள். அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

அப்போதுதான் பூச்செண்டு வந்தார். துறைத் தலைவரும் கருத்தரங்க அமைப்பாளரும் அவரே. யார் வந்தாலும் போனாலும் பூச்செண்டு கொடுப்பதால் எங்கள் வீட்டில் அவருக்கு அந்தப் பெயர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் அக்கா சமாளித்திருப்பாள்.

"மேடம், நீங்கதான் காப்பாத்தணும். தொகுத்து வழங்கற பொண்ணுக்குக் காய்ச்சலாம், வரலை. சிறப்பு விருந்தினரை நீங்கதான் அறிமுகப்படுத்தணும்."

அக்கா தொண்டையைக் காட்டித் தலையை ஆட்டினாள்.

"கொஞ்சம் கரகரப்புதானே? அதான் தம்பி மைக் வெச்சிருக்காரே. மானியக் குழுவுல இருக்கிறவர் மேடம், அடுத்த வருஷப் பணம் அவர் கையிலதான். நல்லா நாலு வார்த்தை சொல்லணும். உங்களை விட்டா யாரு? அப்புறம் உங்க புதுப்பிப்பு என் மேசை மேலதான் இருக்கு, இன்னிக்கே கையெழுத்துப் போட்டுடறேன். மத்தியானம் உங்க கட்டுரையைத்தான் முதல்ல போடறேன்."

மிரட்டவில்லை. நல்ல செய்தி சொல்வதுபோல்தான் சொன்னார். "சார், அவங்களுக்கு..." என்று ஆரம்பித்தேன். அக்கா என்னைப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டேன். அவர் நீட்டிய தாளை வாங்கிக்கொண்டாள்.

விருந்தினர் தாமதமாகத்தான் வந்தார், கேட்கவா வேண்டும். மாணவர்கள் நெளிந்துகொண்டிருந்தார்கள். மேடையில் தொங்கிய பதாகையில் மானியக் குழுவின் பெயர் பெரிதாகவும் எளியோர் குரல் சிறிதாகவும் இருந்தது. அக்கா மைக் முன்னால் போய் நின்றாள்.

கம்பியைப் பிடுங்கிவிடலாமா என்று ஒரு நொடி நினைத்தேன். பிடுங்கினால் கத்துவாள், அது இன்னும் கெடுதல். அதனால் என்னால் முடிந்ததைச் செய்தேன். அவள் குரல் இறங்க இறங்க இங்கே ஒலியை ஏற்றினேன். ஏற்றினால் பெட்டி ஊளையிடும், ஊளையை அடக்கினால் குரல் அமுங்கும். வேலையில் இருக்கும்போது எனக்குச் சத்தம்தான் காதில் விழும், சொல் விழாது. அவள் என்ன சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை. குரல் கிழிவதைத்தான் கேட்டேன். அரைப் பக்கத் தாள்தானே, முடிந்துவிடும் என்று பார்த்தால் முடியவில்லை. போய்க்கொண்டே இருந்தாள். மேடையில் அந்த மனுஷன் கண்ணை மூடித் தலையசைத்துக்கொண்டிருந்தார். இவருக்குப் போய் இவ்வளவா, மிச்சம் வை அக்கா, மிச்சம் வை என்று எனக்குள் கத்தினேன். முன் வரிசையில் கேள்விக்காரி வாயைப் பொத்திக்கொண்டு, குனிந்து, உடம்பு குலுங்க உட்கார்ந்திருந்தாள். இருமல் போல என்று நினைத்தேன்.

பலத்த கைதட்டல். விருந்தினர் எழுந்து அக்காவைக் கும்பிட்டார். பூச்செண்டு என்னைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார்.

மத்தியானம் நாங்கள் மாடி ஏறியபோது அந்த வகுப்பறையில் கட்டுரை வாசிக்க வந்தவர்கள்தான் இருந்தார்கள். அவரவர் தாளை அவரவர் புரட்டிக்கொண்டிருந்தார்கள். அமர்வுத் தலைவர் ஏற்கெனவே கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தார். பூச்செண்டு வாக்குத் தவறவில்லை, அக்காவைத்தான் முதலில் போட்டிருந்தார். கேள்விக்காரி முன் வரிசையில் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

அக்கா வெந்நீரை ஒரு மடக்கு குடித்தாள். தாளைப் பிரித்தாள். வாயைத் திறந்தாள்.

காற்றுதான் வந்தது. மறுபடி முயன்றாள், மறுபடியும் காற்று. நான் ஒலியை முடிந்த மட்டும் ஏற்றினேன். மூச்சு விட்டால்கூட எடுக்கும் என்றேனே, எடுத்தது. அறை முழுக்க அவள் மூச்சுதான் கேட்டது. ஏறி, இறங்கி, தடுக்கி, மறுபடி ஏறி. ஒருவரும் நிமிரவில்லை. ஒலியைக் குறைத்தேன்.

"மேடத்துக்குத் தொண்டை சரியில்லை போல. பரவாயில்லை, வாசிச்சதா எடுத்துக்கலாம்" என்றார் தலைவர்.

கேள்விக்காரி எழுந்தாள். "நான் வாசிக்கிறேன். அவங்க தாளைக் கொடுங்க."

"அது வழக்கம் இல்லைங்க. எழுதினவங்கதான் வாசிக்கணும். அப்புறம் சான்றிதழ்ல சிக்கல் வரும்."

"சரி, எனக்கு ஒரு கேள்வி இருக்கு. அதையாவது கேக்கலாமா?"

"வாசிக்காத கட்டுரைக்கு என்னங்க கேள்வி?"

"இப்பதானே வாசிச்சதா எடுத்துக்கிட்டீங்க?"

தலைவர் சிரித்தார். நல்ல நகைச்சுவை என்று நினைத்துக்கொண்டார் போலிருக்கிறது. "அப்போ நீங்க கேட்டதாவும், அவங்க பதில் சொன்னதாவும் எடுத்துக்கலாம். அடுத்தவர் வாங்க."

எல்லோரும் கை தட்டினார்கள். அக்காவும் தட்டினாள், அவளுக்கு அந்தப் பழக்கம் கையிலேயே ஊறியிருந்தது. சான்றிதழை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். கேள்விக்காரி அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அமர்வு முடியும்வரை அவள் கையை விடவில்லை. ரயிலுக்குக் கிளம்பும்போது அக்காவின் காதோடு ஏதோ சொன்னாள். அப்போதும் நான் கம்பிதான் சுருட்டிக்கொண்டிருந்தேன்.

வண்டியில் வரும்போது அக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு அவள்மேல்தான் ஆத்திரம். அந்த ஆளுக்கு அத்தனை புகழ்ச்சி எதற்கு? தாளில் இருந்ததைப் படித்துவிட்டு நிறுத்தியிருந்தால் மத்தியானத்துக்குக் கொஞ்சம் மிஞ்சியிருக்காதா? வீடு வரும்வரை நானும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் குரலைக் கேட்டிருக்கக்கூடிய கடைசி சாயங்காலம் அது. கேட்க அவளிடமும் ஒன்றும் மிஞ்சவில்லை என்று சொல்லி மனதை ஆற்றிக்கொள்கிறேன்.

ஆபரேஷன் முடிந்தது. கழுத்தில் ஒரு துளை, அதன் வழியாக மூச்சு. டாக்டர் நல்லபடியாக முடிந்தது என்றார். நல்லபடி என்றால் அதுதான்.

அவளை வார்டுக்கு மாற்றிய பிறகு பூச்செண்டு எனக்குப் போன் செய்தார்.

"தம்பி, மேடம் எப்படி இருக்காங்க? தொண்டைல ஏதோ சின்ன ஆபரேஷன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணுமில்லை, விருந்தினர் ரொம்ப சந்தோஷப்பட்டுட்டார். அந்த அறிமுக உரையோட பதிவு வேணும்னு அவரே கேட்டார். ஒரு பிரதி ஆவணத்துல வைக்கவும் வேணும். அனுப்பிடுங்க. அடுத்த வருஷமும் மேடமேதான், சொல்லிடுங்க!"

போனைச் சுவரில் அடிக்கலாம் போலிருந்தது. அனுப்பக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று, விழாவில் வழக்கம்போல் என் போனில் செய்துவைத்திருந்த பதிவைத் தேடி எடுத்தேன். அழிப்பதற்கு முன் ஒரு தடவை அவள் குரலைக் கேட்கலாமே என்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து இயர்போனை மாட்டினேன். முதல் தடவையாகச் சொற்களைக் கேட்டேன்.

ஆரம்பத்தில் தாளில் இருந்ததுதான்: சிறந்த அறிஞர், நல்ல நிர்வாகி, பண்பாளர். அதோடு முடிந்திருக்க வேண்டும். சின்ன இடைவெளி. அப்புறம் அந்தக் கிழிந்த குரலில், ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி:

"காத்திருப்பவர்களுக்கும் கருணை காட்டும் பெருந்தகை. எங்கள் பகலையெல்லாம் எங்களுக்காகக் குடித்துத் தீர்க்கும் வள்ளல். தம் நிழல் பட்ட இடத்தில் வேறொன்றும் முளைக்க விடாத பெருமரம். நாங்கள் வாசிக்காததையும் வாசித்ததாக ஏற்கும் பெருமனத்தின் இருப்பிடம்..."

இன்னும் போயிற்று. அவள் மிச்சம் வைக்கவில்லை. மத்தியானத்துக்கு ஒன்றும் மிஞ்சாது என்று மேடை ஏறும்போதே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. இருந்ததையெல்லாம் அங்கேயே போட்டுவிட்டாள். கேள்விக்காரி இருமவில்லை.

உள்ளே போனேன். அக்கா விழித்துக்கொண்டு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இயர்போனில் ஒன்றை அவள் காதிலும் ஒன்றை என் காதிலும் வைத்து ஓடவிட்டேன். பெருமரம் வந்த இடத்தில் அவள் தோள் குலுங்கியது. முகம் சிவந்தது, கண்ணில் நீர் வழிந்தது, கழுத்துத் துளையில் காற்று விட்டு விட்டு இரைந்தது. பக்கத்துக் கட்டிலைப் பார்த்துக்கொண்டிருந்த நர்ஸ் ஓடிவந்து, "என்னாச்சு? மூச்சு முட்டுதா?" என்றாள்.

"இல்லைங்க, சிரிக்கிறாங்க" என்றேன்.

சொல்லும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது. வீட்டையே அதிரவைக்கிற சிரிப்பு அது. இப்போது எடுத்துச் சொன்னால்தான் சிரிப்பு என்று தெரிகிறது. ஒருத்திக்குப் புரிந்ததே, அது போதாதா என்று பிறகு என் மனைவி கேட்டாள். போதாது. எனக்குப் போதவில்லை. அவள் கேட்டது பத்து நிமிஷமும் ஒரு கேள்வியும்தான்.

"பூச்செண்டு இதைக் கேக்கறார்க்கா. அழிச்சுடவா?" என்றேன்.

அவள் வேண்டாம் என்று கையசைத்தாள். போனை வாங்கி, மெதுவாக ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"அனுப்பிடு. பத்திரமா வெச்சிருப்பாங்க."